பல்லிழைப் பயிலகத்தில் ஒரு மாமனார்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் தம் ஆயுளில் யார் வாசலிலும் கைகட்டி நின்றவர் அல்லர். அவருடைய தகப்பனாரும் நின்றதில்லை. பாட்டனார் நின்றாரா என்பதற்குச் சாட்சி இல்லை. நின்றிருக்க மாட்டார் என்றே குடும்பத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட வம்சத்து மனிதரை வளைக்க வெள்ளம் வரவேண்டும், அல்லது பூகம்பம் வரவேண்டும். வந்ததோ தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை.

அலுவலக வேலை முழுவதும் ஜாவா என்னும் கணினி மொழிக்கு மாறப்போகிறது. ஆகவே ஊழியர் அனைவரும் இதற்கென்றே திறக்கும் பயிலகத்தில் சேர்ந்து, அந்த மொழியில் ‘பல்லிழை’ என்ற பகுதியின் அடிப்படையைக் கற்றுத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். மாதக் கடைசிக்குள் பெறாதவர்கள், தங்கள் பிரிவில் பெற்றிருப்பவருக்குக் கீழே பணியாற்ற வேண்டும். சுற்றறிக்கை சொன்னது இவ்வளவுதான்.

கணக்குப் பிரிவில் சான்றிதழ் பெற்றிருந்தவர் ஒருவரே. அவர் கண்காணிப்பாளரின் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. பயிலகம் திறப்பதற்கு முன்பே வேறெங்கோ படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டதால் அவருக்குப் பாடமும் நன்றாகத் தெரிந்திருந்தது. மாமனார் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிடுவார். அதிலெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் ‘ஐயா, கையெழுத்து’ என்று நிற்பது எந்தக் குடும்பத்திலாவது நடக்கிற காரியமா?

“அவரே சொல்லித் தர்றேன்னாராம். பொண்ணு போன் பண்ணா” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“யாரு?”

“வேற யாரு, மாப்பிள்ளைதான். ‘மாமா ஒரு வார்த்தை கேக்கட்டும், பக்கத்துல உக்கார்ந்து சொல்லிக் குடுத்துடறேன்’னாராம்.”

“நான் கேக்கணுமாமா? ஏன், அவரு வந்து சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

“வலிய வந்து சொன்னா உங்களை மட்டம் தட்டின மாதிரி ஆயிடுமோன்னு அவருக்குக் கூச்சம்.”

“அவரு கூச்சம் அவரோட இருக்கட்டும். பொண்ணு குடுத்த இடத்துல போய்ப் பாடம் கேக்கற பழக்கம் நம்ம பக்கம் கிடையாது.”

“தெரியாததைக் கேக்கறதுல என்னங்க மானம் போயிடும்?”

“அது உனக்குத் தெரியாததாலதான் நீ கேக்கறே.”

மனைவி அவரையும் மடித்து வைத்துவிடலாமா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கண்காணிப்பாளர் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு பயிலகத்துக்குப் புறப்பட்டார்.

பயிலகத்தில் சேர்வதற்கு வரிசையாகச் சன்னல்கள் இருந்தன. எல்லாச் சன்னலும் திறந்திருந்தன. எல்லாவற்றுக்குப் பின்னாலும் ஓர் எழுத்தர் இருந்தார். எல்லா எழுத்தரும் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். வரிசை மட்டும் நகரவில்லை. காரணம், சேர்க்கை முத்திரை ஒன்றே ஒன்றுதான். அது எந்தச் சன்னலில் இருக்கிறதோ அங்கே வேலை நடந்தது; மற்ற சன்னல்களில் புன்னகை நடந்தது.

“ஏம்பா, இத்தனை பேர் உக்கார்ந்திருக்கீங்க, வரிசை அப்படியே நிக்குதே?” என்றார் கண்காணிப்பாளர்.

“நாங்க எல்லாரும் ஒரே நேரத்துலதான் சார் வேலை செய்யறோம்” என்றார் எழுத்தர் மனம் நோகாமல். “முத்திரைதான் ஒண்ணொண்ணா செய்யுது.”

கண்காணிப்பாளருக்குப் பின்னால் நின்ற பெண்மணி சிரித்துவிட்டார். ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அங்கேயும் இதே சுற்றறிக்கைதான். “அண்ணே, மூட்டையை இறக்கி வைங்க. இது இன்னைக்கு ஆகற காரியமில்ல” என்றார். அண்ணே என்று கூப்பிட்டதில் கண்காணிப்பாளருக்குக் கொஞ்சம் ஆறுதல். தோளிலிருந்து பையை இறக்கினார்.

தொடக்க நாளில் இயக்குநர் உரையாற்றினார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். இருந்தாலும் இரண்டு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

“ஒற்றை இழை என்றால் என்ன? ஒருவன் ஒரு வேலையைத் தொடங்குகிறான், முடிக்கிறான், பிறகு அடுத்ததைத் தொடங்குகிறான். இது நம் முன்னோர்களின் பலவீனம். பல்லிழை என்றால் என்ன? ஒரே நிரலுக்குள், அதாவது கணினிக்குத் தரும் ஒரே கட்டளைத் தொகுப்புக்குள், பல இழைகள். ஒவ்வொன்றும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடும். நமது பயிலகம் அப்படித்தான் உருவானது. அடித்தளம், கூரை, திறப்பு விழா மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினோம். திறப்பு விழா வெற்றிகரமாக முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் தத்தம் வேகத்தில் நடந்துகொண்டிருக்கின்றன என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

மாணவர்கள் கைதட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தார்கள்.

“பல்லிழையைப் பல்லிழையாகவே கற்பிப்பது எங்கள் கொள்கை” என்று இயக்குநர் உரையை முடித்தார். அதன் பொருள் மறுநாள் விளங்கியது. மூன்று பயிற்றுநர்கள் ஒன்றாக வகுப்புக்குள் வந்தார்கள். ஒரே கரும்பலகையில் ஒன்றாக எழுதத் தொடங்கினார்கள். ஒருவர் இழையை உருவாக்குவது பற்றி, ஒருவர் பூட்டுவது பற்றி, ஒருவர் இழையைச் சற்று நேரம் தூங்க வைப்பது பற்றி. யாருக்கு எங்கே இடம் கிடைத்ததோ அங்கே ஒரு சொல். கடைசியில் பலகையில் இருந்தது: ‘இழையைப் பூட்டி உருவாக்கித் தூங்கியபின் தொடங்கினால் திறக்கும்.’ மூவரும் ஒரே நேரத்தில் பேசியும் வந்ததால் எது எவர் சொன்னது என்று கேட்டு அறிகிற வழியும் இல்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இங்கே மூன்று தச்சர்கள் ஒரு மரத்தில் ஏறியிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் பலகையில் இருந்ததை அப்படியே எழுதி, வீட்டில் உரக்கப் படித்து மனப்பாடம் செய்தார். மனைவி மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்து, “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றாள்.

ஆனாலும் கல்லுக்குள்ளும் ஈரம் உண்டு. ஒரு நாள் மூவரில் இருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மிச்சமிருந்தவர் சொன்னது அட்சரம் அட்சரமாகக் காதில் விழுந்தது. ஒரு தொட்டி. அதில் தண்ணீர். இரண்டு இழைகள் அதிலிருந்து எடுக்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் அளவைப் பார்க்கின்றன: நிறைய இருக்கிறது. இரண்டும் தனித்தனியே எடுத்துவிட்டு, மிச்சம் இவ்வளவு என்று குறிக்கின்றன. பின்னால் குறித்தது முன்னால் குறித்ததை அழித்துவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் போனது இரண்டு பங்கு. கணக்கில் போனது ஒரு பங்கு.

கண்காணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர்க் கணக்கு அவர் தொழில். “அப்போ ஒருத்தர் பார்த்துக் குறிச்சு முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தரை உள்ள விடக்கூடாது. அப்படித்தானே?” என்றார்.

“அதேதான். அதுக்குத்தான் பூட்டு. பூட்டு யார்கிட்ட இருக்கோ அவங்க மட்டும் உள்ள. மத்தவங்க வெளியில காத்திருக்கணும்.”

அவ்வளவு காலமாக மூடிக்கிடந்த ஏதோ ஒன்று அவருக்குள் திறந்துகொண்டது. அந்த மகிழ்ச்சியில், வாழ்க்கையில் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். ஒரு நிறுவனத்துக்கு யோசனை சொன்னார்.

“ஐயா, அதையே இந்தக் கரும்பலகைக்கும் வச்சுட்டா என்ன? ஒரு நேரத்துல ஒருத்தர் எழுதலாமே.”

யோசனை இயக்குநரிடம் போனது. இயக்குநர் அகமகிழ்ந்து குழு அமைத்தார். குழு கூடி, சாக்பீஸே இனிப் பூட்டு என்று தீர்மானித்தது. சாக்பீஸ் எவர் கையில் உள்ளதோ அவரே பேசலாம், எழுதலாம். மற்ற இருவரும் வாய் திறக்காமல் சுவரோரம் நிற்க வேண்டும். கண்காணிப்பாளர் எழுந்து நின்று நன்றி சொன்னார். மருந்துக் கிடங்கு அம்மாள் மட்டும், “எனக்கென்னமோ இது நல்லதுக்குன்னு தோணல அண்ணே” என்றார்.

முதல் பயிற்றுநர் சாக்பீஸை எடுத்தார். ‘தூக்கம்’ என்று தலைப்பு எழுதினார். நாற்காலியில் அமர்ந்தார். சாக்பீஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்களை மூடினார்.

வகுப்பு காத்திருந்தது. சுவரோரம் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். பயிற்றுநரின் மூச்சு சீராக வந்துபோனது.

“எழுப்பக்கூடாதா?” என்று கண்காணிப்பாளர் சுவரோரம் நின்றவரிடம் மெல்லக் கேட்டார். அவர் வாயைப் பொத்திக் காட்டினார். சாக்பீஸ் இல்லாமல் எப்படிப் பேசுவது? கண்காணிப்பாளர் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

“இதில் தவறென்ன?” என்றார் இயக்குநர். “ஜாவாவில், பூட்டை வைத்திருக்கும் இழை தூங்கினால் பூட்டை விடுவதில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கும். அவர் மிகத் துல்லியமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.”

“இன்னொரு சாக்பீஸ் வாங்கினா...”

“இரண்டாவது சாக்பீஸ் வந்துவிட்டால் முதல் சாக்பீஸுக்கு என்ன மதிப்பு? ஐயா, விதியைக் கேட்டவர் நீங்கள். அதன் கட்டுப்பாட்டைத் தாங்க முடியாதவரும் நீங்களாகவே இருப்பது நன்றாக இல்லை.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அன்றிலிருந்து வகுப்பில் அமைதி நிலவியது. முன்பு மூன்று பாடமும் கலந்து வந்தது. இப்போது ஒன்றும் வரவில்லை. சக மாணவர்கள் கண்காணிப்பாளரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மிச்சப் பாடத்தை மருந்துக் கிடங்கு அம்மாளும் அவருமாகக் கணினி அறையில் தட்டுத்தடுமாறிக் கற்றார்கள். கண்காணிப்பாளர் ஒரு சிறு நிரல் எழுதினார். ஓர் இழை மீட்டர் அளவை எடுக்கும். இன்னோர் இழை பில்லை அச்சடிக்கும். இழையின் வேலை ‘ரன்’ என்ற பகுதிக்குள் இருக்கும். அவர் இரண்டு ‘ரன்’னையும் நேரடியாகவே அழைத்தார். எல்லா அளவும் எடுத்து முடிந்தது. பிறகு எல்லா பில்லும் வந்தது. அணிவகுப்புப் போல இருந்தது.

“பாருங்கம்மா, எவ்வளவு ஒழுக்கமா வருது!”

“ஒழுக்கமா வந்தா தப்பு அண்ணே. ரன்னை நாமே கூப்பிடக்கூடாதாம். நாம கூப்பிட்டா புது இழையே பிறக்காது, நம்ம இழையிலேயே ஓடிடும். ஸ்டார்ட்னு மட்டும் சொல்லணுமாம். அது எப்போ ஓடணுமோ அப்போ தானா ஓடுமாம்.”

“நேர்ல கூப்பிட்டா மரியாதை இல்லையா?”

“நேர்ல கூப்பிட்டா நம்ம வேலையை நாமே செய்யற மாதிரி. ஆள் வச்ச பலன் இல்ல.”

மாற்றி எழுதினார். இப்போது அளவும் பில்லும் முன்னும் பின்னும் கலந்து வந்தன. மறுபடி ஓட்டினால் வேறு வரிசை. இன்னொருமுறை ஓட்டினால் இன்னொன்று. அதில் கட்டுப்பாடு நம் கையில் இல்லை, அடுத்து எதை ஓடவிடுவது என்று எங்கேயோ உள்ளே ஒன்று முடிவு செய்கிறது என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் கற்றார். மானம் அடியில் நெருப்பு மூட்டினால் எந்தப் பாடமும் வெந்துதான் தீரும். மாதக் கடைசி நாள் தேர்வு என்று அறிவிப்பு வந்தபோது, உள்ளபடியே அவர் தேறக்கூடிய நிலையில் இருந்தார்.

தேர்வன்று எல்லோரும் தேர்வு அறைக்கு வெளியே கூடினார்கள். அறை பூட்டியிருந்தது. வாசலில் இரண்டு அதிகாரிகள் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் அறைச் சாவி. இன்னொருவர் கையில் வினாத்தாள் கட்டு.

“வினாத்தாள் என் கைக்கு வந்ததும் கதவைத் திறக்கறேன்” என்றார் சாவி அதிகாரி. “அதுதான் எங்க பிரிவு விதி.”

“சாவி என் கைக்கு வந்ததும் வினாத்தாளைக் குடுக்கறேன்” என்றார் வினாத்தாள் அதிகாரி. “அதுதான் எங்க பிரிவு விதி.”

இருவருக்கும் கோபம் இல்லை. ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். கைகளை மட்டும் தளர்த்தவில்லை. வெயில் முற்றத்தில் ஏறி, சுவரில் இறங்கத் தொடங்கியது.

கண்காணிப்பாளர் வெயிலைப் பார்த்தார். இந்தத் தாழ்வாரம் ஒரு நாள் முழுக்க இப்படியே நின்றால், விடிந்ததும் அவர் மாப்பிள்ளையின் கீழ் ஊழியர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

“ஐயா, இது பாடத்திலேயே வருது. டெட்லாக். ஆளுக்கொரு பூட்டைக் கையில வச்சுக்கிட்டு அடுத்தவர் பூட்டுக்குக் காத்திருந்தா ரெண்டு பேரும் காலாகாலத்துக்கும் நிக்க வேண்டியதுதான். யாராவது ஒருத்தர் முதல்ல விட்டுக் குடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்னு நினைச்சுக்குங்க.”

“நினைச்சுக்கிட்டேன்” என்றார் சாவி அதிகாரி அன்பாக. “ஆனா நான் எப்படி முதல்ல விடறது? எனக்கு முன்னாடி இந்தச் சாவியை வச்சிருந்தவர் விட்டதில்ல. அவருக்கு முன்னாடி இருந்தவரும் விட்டதில்ல. எங்க பிரிவுக்குன்னு ஒரு பேர் இருக்கில்லையா?”

கண்காணிப்பாளர் மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் பதில் முழுக்க முழுக்க நியாயமாகப் பட்டது.

செய்தி கேட்டு இயக்குநரே வந்தார். இருவரையும் பார்த்தார். அவர் கண்கள் பனித்தன.

“எத்தனை பயிலகங்களில் இதைப் பலகையில் மட்டும் வரைந்து காட்டுகிறார்கள்!” என்றார் தழுதழுத்து. “நாம் வாழ்ந்து காட்டுகிறோம்.”

“ஐயா, பரீட்சை நின்னு போச்சே” என்றார் கண்காணிப்பாளர்.

“நின்றுவிட்டது என்று யார் சொன்னது? ஏதாவது பிழைச்செய்தி வந்ததா? வரவில்லை. யாராவது விதியை மீறினார்களா? மீறவில்லை. டெட்லாக்கில் மாட்டிய நிரல் செத்துப்போவதில்லை ஐயா, உயிரோடு காத்திருக்கிறது. நமது பயிலகமும் முழு உயிரோடு இயங்கிக்கொண்டிருக்கிறது. தேர்வு தொடங்கிவிட்டதாகவே ஆவணங்களில் இருக்கும்.”

“எப்போ முடியும்?”

“அதற்கு ஜாவாவே உத்தரவாதம் தருவதில்லை. நான் எம்மாத்திரம்?”

இயக்குநர் இரு அதிகாரிகளுக்கும் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போதும் சாவி ஒருவர் கையிலும் கட்டு மற்றவர் கையிலுமாக அவர்கள் உறுதியாக நின்றார்கள். கூட்டம் கைதட்டியது. மருந்துக் கிடங்கு அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நான் வர்றேன் அண்ணே. எங்க கிடங்குல ஒருத்தர்கூட பாஸ் பண்ணல. யாருக்கும் யாரும் மேல இல்ல. உங்க பாடுதான்...” என்று இழுத்தார். பிறகு, மேற்கொண்டு சொன்னால் அவருக்கு வலிக்கும் என்று தெரிந்து நடந்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் கண்காணிப்பாளரின் மேசையை மாப்பிள்ளையின் அறைக்கு வெளியே நகர்த்திப் போட்டிருந்தார்கள். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லாமல்தான் வந்திருந்தார். மனைவியும் எதுவும் கேட்காமல் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். ஒரு வட்டாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட உத்தரவு தேவை; அந்தக் கோப்பு அவர் மேசையில் கிடந்தது. இனி அது உள்ளே போய்க் கையெழுத்தாகி வரவேண்டும்.

கோப்பை எடுத்தார். முதுகை நிமிர்த்தினார். கதவைத் தள்ளி உள்ளே போனார்.

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “மாமா! நீங்க உக்காருங்க.”

“ஆபீஸ்ல மாமா கிடையாதுங்க. நீங்க மேலதிகாரி. நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன்.”

“நீங்க நிக்கும்போது நான் எப்படி மாமா உக்கார்றது? அவ கேட்டா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?”

“நீங்க உக்காராம நான் உக்கார்ந்தா ஊர் என்ன சொல்லும்? பொண்ணு குடுத்த திமிர்ல மாப்பிள்ளையை நிக்க வச்சான்னு சொல்லாது?”

“கையெழுத்து மட்டும் போட்டுடறேன், குடுங்க.”

“நின்னுக்கிட்டுப் போடற கையெழுத்து என்ன கையெழுத்து? உக்கார்ந்து போடுங்க.”

“நீங்க உக்காருங்க, போடறேன்.”

இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. இருவருக்கும் நடுவில் மேசையும், மேசை மேல் பேனாவும் இருந்தன. மாப்பிள்ளையின் தொலைபேசி அடித்தது. மகள்தான். மாமனார் முன்னால் எடுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று மாப்பிள்ளை எடுக்கவில்லை. ‘மேலதிகாரி எடுக்காத தொலைபேசியை நான் எடுப்பதா’ என்று கண்காணிப்பாளரும் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்த தேநீரும் ஆறி ஆடை கட்டியது. வெளியே யாரோ ஒருவர், “எங்க தெருவுல ரெண்டு நாளா தண்ணி வரலீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“மாமா” என்றார் மாப்பிள்ளை வெகுநேரம் கழித்து, தணிந்த குரலில். “கால் வலிக்குது.”

“எனக்கும்தான் மாப்பிள்ளை.”

கண்காணிப்பாளர் கோப்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். அவர் குடும்பத்தில் யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

“நீங்க படிச்சவரு. டெட்லாக்னா என்னங்கற வரைக்கும்தான் நான் படிச்சேன். இப்படி ரெண்டும் மாட்டிக்கிட்டு நின்னுட்டா, அப்புறம் என்ன செய்யணும்னு ஏதாவது போட்டிருக்கா?”

மாப்பிள்ளை யோசித்தார்.

“உள்ள இருந்து ஒண்ணும் செய்ய முடியாது மாமா. வெளியில இருந்து யாராவது வந்து நிறுத்தணும்.”

இருவரும் கதவைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் கணக்குப் பிரிவு மொத்தமும், தண்ணீர் கேட்டு வந்தவரும், அவருக்குப் பின்னால் அவர் தெருக்காரர்களும் கூடி நின்றிருந்தார்கள். உள்ளே இருந்து கூப்பிட்டால் வரலாம் என்று, எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.